காரைக்காலுக்கு அப்பா கிளாஸ் எது?

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிட்டு இருந்த பதிவு இது. பொட்டி தட்டுற ஜனங்களுக்காக எழுத ஆரம்பிச்சது. ஆனா காரைக்கால், நாகூர், பேரளம், தரங்கம்பாடி பக்கத்து ஆளுங்க யார் படிச்சாலும் பாதியாவது புரிஞ்சிடும். கோடு ஒரு வரி கூட கிடையாது, பயப்படாம உள்ளே வாங்க :-)

முதல்ல ஒரு கேள்வி. காரைக்கால் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது?

"இதெல்லாம் ஒரு கேள்வியா, புதுச்சேரி"ன்னு சொல்றவங்க கொஞ்சம் பொறுங்க. தபால் துறையைக் கேட்டா 609602ம்பாங்க. அந்த 609 மயிலாடுதுறையோட வரிசை (மயிலாடுதுறை 609001). புதுச்சேரிக்கு 605. வண்டி நம்பரைப் பார்த்தா பிஒய் 02. ஜிஎஸ்டி நம்பர் 34-ல ஆரம்பிக்கும், வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள்ள கால் வெச்சா 33. கேஸ் போடணும்னா ஹைகோர்ட் சென்னை. ஓட்டு போடணும்னா புதுச்சேரி சட்டமன்றம், 30 தொகுதியில 5 நம்ம ஊருது. மேப்புல பார்த்தா மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், தலைமைச் செயலகம் கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் தள்ளி.

இதுல யாருமே பொய் சொல்லல. அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்க சொல்றது சரி. சிக்கல் எப்ப வருதுன்னா, ஒரு ப்ரோக்ராமர் வந்து "எல்லாம் இருக்கட்டும், ஒரே ஒரு அப்பா பேரைச் சொல்லு"ன்னு கேக்கும்போது.

அந்தக் கேள்வியைக் கேக்க வைக்கிற பழக்கத்தைப் பத்திதான் இந்தப் பதிவு. ஓஆர்எம்ல கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸ். (வாஞ்சூர் பக்கம் கிளாஸ்னா வேற அர்த்தம். அது இல்ல.)

துறைக்கு வெளியே இருக்கிறவங்களுக்காக ரெண்டு பாரா. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க.

ப்ரோக்ராம் எழுதும்போது நாம உலகத்தை கிளாஸ் கிளாஸா பிரிப்போம். 'வண்டி'ன்னு ஒரு கிளாஸ், அதுக்குக் கீழே 'பஸ்', 'லாரி'. வண்டிக்கு இருக்கிறதெல்லாம் பஸ்ஸுக்கும் தானா வந்துடும். இதுதான் இன்ஹெரிட்டன்ஸ், அப்பன் சொத்து பிள்ளைக்கு வர்ற மாதிரி. ஆனா தகவலைச் சேமிச்சு வெக்கிற இடம் டேட்டாபேஸ், அங்கே அப்பா பிள்ளை கிடையாது. டேபிள்தான் இருக்கு. ஒரு டேபிள்ல இருக்கிற வரிசை இன்னொரு டேபிள்ல இருக்கிற வரிசையைச் சுட்டிக் காட்டும், அதுக்கு ஃபாரின் கீன்னு பேரு. அவ்ளோதான் அதுக்குத் தெரிஞ்ச உறவுமுறை. 1970-ல எட்கர் காட் எழுதின கட்டுரையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அடிப்படை இதுதான்.

இந்த ரெண்டு உலகத்துக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளரா உக்காந்திருக்கிறதுதான் ஓஆர்எம். ஜாவாவுல ஹைபர்நேட், ரூபியில ஆக்டிவ் ரெக்கார்ட், பைதான்ல ஜாங்கோவோட ஓஆர்எம், மைக்ரோசாஃப்ட் ஆளுங்களுக்கு என்டிட்டி ஃப்ரேம்வொர்க். நல்ல மொழிபெயர்ப்பாளர்தான், சந்தேகமே இல்ல. ஓஆர்எம்மே வேணாம்னு சொல்ற கோஷ்டி நான் இல்ல. தினமும் அதுலதான் ஆணி பிடுங்குறேன். ஆனா "அப்பா"ங்கற வார்த்தையை மட்டும் இந்த ஆளால உருப்படியா மொழிபெயர்க்க முடியாது. ஏன்னா எதிர் பக்கத்து மொழியில அந்த வார்த்தையே இல்ல.

(இன்னொரு விஷயம். டேபிள்ல மேலேர்ந்து கீழே போற வரிசையை ஆபீஸ்ல சொல்ற மாதிரியே எழுதினா 'காலம்'னு வரும், அப்புறம் நேரத்தைப் பத்திப் பேசும்போது குழப்பும். அதனால 'கட்டம்'னு எழுதப் போறேன். தமிழ் ஆர்வலர்கள் திட்டாதீங்க.)

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தியாவோட ஆட்சிப் பகுதிகளை ஒருத்தர் கிளாஸா எழுதறார்னு வெச்சுக்குவோம். கற்பனை இல்ல, நானே இப்படி ஒரு ப்ராஜெக்ட்டைப் பார்த்திருக்கேன். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. 'ஆட்சிப்பகுதி'ன்னு ஒரு தாத்தா கிளாஸ். அதுக்கு ரெண்டு பிள்ளை: 'மாநிலம்', 'யூனியன் பிரதேசம்'. பார்க்க அழகா இருக்கு. பத்தாங்கிளாஸ் சமூக அறிவியல் புத்தகத்துலயும் இப்படித்தானே இருக்கு?

இதை டேபிள்ல இறக்க மூணு வழி. மார்ட்டின் ஃபௌலர் 2002-ல வந்த தன்னோட புத்தகத்துல மூணுக்கும் பேர் வெச்சுட்டார்: சிங்கிள் டேபிள், கிளாஸ் டேபிள், கான்க்ரீட் டேபிள். 2006-ல ஜேபிஏ வந்தப்போ இதே மூணையும் கொஞ்சம் பேர் மாத்தி எடுத்துக்கிட்டாங்க.

முதல் வழியில எல்லாப் பிள்ளைகளும் ஒரே டேபிள்ல. யார் யாருன்னு தெரிய ஒரு கட்டம் தனியா இருக்கும். ரெயில்ஸ்ல அதுக்கு 'டைப்'னு பேரு, ஜேபிஏ-வுல 'டிடைப்'. வேகமா ஓடும், ஜாயின் தேவையில்ல. ஆனா மாநிலத்துக்கு 'ஆளுநர்' கட்டம் கட்டாயம்னு நீங்க நினைச்சா, டேட்டாபேஸ்ல நாட் நல் போட முடியாது. அதே டேபிள்ல சண்டிகரும் உக்காந்திருக்கே, அதுக்கு நிர்வாகிதானே. அதனால அந்தக் கட்டம் நல்லா இருந்தாலும் டேட்டாபேஸ் கண்டுக்காது. செக் கன்ஸ்ட்ரெயின்ட் எழுதிச் சமாளிக்கலாம், ஆனா அதை யாரு எழுதறா? பிள்ளைங்க கூடக் கூட டேபிள் முழுக்க காலிக் கட்டம். ஒரு வரிசையில அஞ்சுல நாலு நல்லுன்னு ஆயிடும்.

ரெண்டாவது வழி, அப்பாவுக்கு ஒரு டேபிள், பிள்ளைக்கு ஒரு டேபிள், ரெண்டுக்கும் ஒரே ஐடி. பார்க்க சுத்தமா இருக்கும், நாட் நல் போடலாம். ஆனா "எல்லா ஆட்சிப்பகுதியும் கொடு"ன்னு ஒரு வரி எழுதினா, ஓஆர்எம் எத்தனை பிள்ளை இருக்கோ அத்தனை லெஃப்ட் ஜாயின் போடும். ஜாங்கோவுல கிளாஸ்லேர்ந்து கிளாஸ் எடுத்தா தானா நடக்கிறது இதுதான், பல பேருக்கு டேட்டாபேஸ் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும்.

மூணாவது வழி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி டேபிள், அப்பாவுக்கு டேபிளே இல்ல. இங்கதான் உறவுமுறை அறுந்து போகும். 'மாவட்டம்' டேபிள்ல "நீ எந்த ஆட்சிப்பகுதி?"ன்னு ஒரு ஃபாரின் கீ வெக்கணும். எந்த டேபிளுக்கு வெப்பீங்க? மாநிலம் டேபிளுக்கா, யூனியன் பிரதேசம் டேபிளுக்கா? ரெண்டுக்கும் சேர்த்து வெக்க முடியாது. ஃபாரின் கீ இல்லாம வெறும் நம்பரைப் போட்டு வெச்சா, அந்த நம்பருக்கு எதிர்ல ஆளே இல்லைன்னாலும் டேட்டாபேஸுக்குத் தெரியாது. ரெயில்ஸ்ல பாலிமார்ஃபிக் அசோசியேஷன்னு பேர் வெச்சு இதையே வசதின்னு கொடுத்திருக்காங்க. ஜேபிஏ-வே இந்த மூணாவது வழியை 'விருப்பமிருந்தா செய்ங்க'ன்னுதான் சொல்லுது. போஸ்ட்கிரெஸ்ல டேபிளுக்கே இன்ஹெரிட்டன்ஸ் இருக்கேன்னு ஒருத்தர் கை தூக்குறது தெரியுது. இருக்கு. ஆனா அப்பா டேபிள்ல வெச்ச யுனிக்கும் ஃபாரின் கீயும் பிள்ளை டேபிளுக்குப் போகாது. அவங்க ஆவணத்துலயே அதைத் தெளிவா எழுதியிருக்காங்க.

இது வரைக்கும் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய பஞ்சாயத்து. "நல்லு கொஞ்சம் இருந்தா என்ன, ஜாயின் கொஞ்சம் அதிகமானா என்ன, மெஷின் வேகமா இருக்கு"ன்னு முடிச்சுடலாம். எனக்குப் பெரிய புகார் இது இல்ல. மூணு வழியில எதை எடுத்தாலும், அந்தக் குடும்ப மரம் உண்மையா இருக்கணும். அது உண்மையா இல்லாதப்போ என்ன ஆகுதுங்கறதுதான் புகார். அதுக்குத்தான் நம்ம ஊரைக் கூப்பிட்டேன்.

2017 ஜூலை 1 அன்னிக்கு ஜிஎஸ்டி வந்துச்சு. மாநிலத்துக்குள்ளேயே சரக்கு வித்தா பாதி சிஜிஎஸ்டி, பாதி எஸ்ஜிஎஸ்டி. மாநிலம் விட்டு மாநிலம் போனா மொத்தமும் ஐஜிஎஸ்டி. யூனியன் பிரதேசத்துக்குள்ள வித்தா எஸ்ஜிஎஸ்டிக்குப் பதிலா யூடிஜிஎஸ்டி. நம்ம ப்ரோக்ராமர் சந்தோஷமா 'யூனியன் பிரதேசம்' கிளாஸ்ல "வரி போடு"ங்கற மெத்தடை யூடிஜிஎஸ்டின்னு எழுதி முடிச்சுட்டார். சண்டிகர் சரி, அந்தமான் சரி, லட்சத்தீவு சரி.

காரைக்கால் கடைக்காரர் பில் போட்டா? தப்பு. ஏன்னா சிஜிஎஸ்டி சட்டத்துல 'மாநிலம்'ங்கற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும்போதே, சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமும் அதுல சேர்த்தின்னு எழுதிட்டாங்க. அதனால புதுச்சேரியும் டெல்லியும் வரிக்கு மாநிலம்தான். நம்ம ஊர்ல எஸ்ஜிஎஸ்டிதான்.

அரசியல் சட்டப்படி யூனியன் பிரதேசம், வரிச் சட்டப்படி மாநிலம். இது புதுச்சேரியோட குறை இல்ல. ரெண்டு சட்டம், ரெண்டு கேள்வி, ரெண்டு பதில். ஒரே ஒரு மரத்துல ரெண்டு பதிலையும் தொங்கவிட முடியாதுங்கறது மரத்தோட குறை.

இதுக்கு உடனே வர்ற வைத்தியம் என்ன? 'சட்டமன்றமுள்ள யூனியன் பிரதேசம்'னு ஒரு பேரன் கிளாஸ். அதுல மெத்தடை மாத்தி எழுது. அப்பா ஒண்ணு சொல்ல, பிள்ளை நேர் எதிரா செய்யும். அப்பா வர்ற இடத்துல பிள்ளை வந்து நின்னாலும் ப்ரோக்ராம் தடுமாறக் கூடாதுன்னு பார்பரா லிஸ்கோவ் 1987-ல சொன்னதெல்லாம் காத்துல போச்சு. சரி, அதையும் விடுங்க. அடுத்து தலைமைப் பதவி. சட்டமன்றம் இருந்தா துணைநிலை ஆளுநர், இல்லைன்னா நிர்வாகின்னு பிரிச்சுடலாமா? முடியாது சாமி. அந்தமானுக்கும் லடாக்குக்கும் சட்டமன்றம் கிடையாது, ஆனா துணைநிலை ஆளுநர் உண்டு. சரி, சட்டமன்றம் இருக்கிறதுங்க எல்லாம் ஒரே மாதிரியா? டெல்லி 1991-ல வந்த திருத்தத்தின்படி 239ஏஏ, புதுச்சேரி 1962 திருத்தத்தின்படி 239ஏ. அதிகாரங்களும் வேற வேற. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு கிளாஸ் போட்டா, மொத்தம் இருக்கிற 36 வரிசைக்கு (28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம்) இருபது கிளாஸ் எழுதுவோம் போல. அவ்வ்வ்...

இப்போ தூரத்தைப் பாருங்க, இன்னும் வேடிக்கை. காரைக்கால்லேர்ந்து நாகூருக்கு சைக்கிள்ல போயிடலாம். ஆனா அங்கே அனுப்பற சரக்குக்கு ஐஜிஎஸ்டி. ஏனாம் இருக்கிறது ஆந்திராவுக்குள்ள கோதாவரிக் கரையில. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, நடுவுல ரெண்டு மாநிலம் கடந்து அங்கே சரக்கு அனுப்பினா, மாநிலத்துக்குள்ளேயே வித்த கணக்கு, சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். பெட்ரோலும் 'அந்த' சரக்கும் ஜிஎஸ்டிக்கு வெளியே, அதுக்கு மாநில வரி தனி. வாஞ்சூர்ல ஏன் கூட்டம்னு புதுசா வர்றவங்க கேட்டா இதைச் சொல்லிக் கொடுங்க :-)

பின்கோடை வெச்சு மாநிலத்தைக் கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம் இந்த இடத்துலதான் மண்ணைக் கவ்வும். காரைக்கால் 609, ஏனாம் 533464 (காக்கிநாடா வரிசை), மாஹே 673310 (கோழிக்கோடு வரிசை). சரி, 605 வந்தா கண்ணை மூடிட்டு புதுச்சேரின்னு போடலாமா? விழுப்புரம் 605602! தபால்காரருக்கு மாநில எல்லை முக்கியமில்ல, எந்த ஊர்லேர்ந்து பை வருதுங்கறதுதான் முக்கியம். நியாயமும் கூட. ஆனா நம்மாளு பின்கோடுக்கு அப்பா மாவட்டம், மாவட்டத்துக்கு அப்பா மாநிலம்னு ஒரு நேர்கோட்டு வம்சாவளியை எழுதி வெச்சிடுறார்.

இதனால என்ன கெட்டுப் போச்சுன்னு கேட்டா ஒரு உதாரணம். எங்க சித்தி பொண்ணு ஒரு வேலைத் தேர்வுக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டா. எந்தத் தேர்வுங்கறது வேணாம். பின்கோடு அடிச்ச உடனே மாநிலம்ங்கற இடத்துல 'தமிழ்நாடு'ன்னு தானா வந்து உக்காந்துச்சு, அந்தக் கட்டம் சாம்பல் கலர் ஆகிப் பூட்டிக்கிச்சு. மாவட்டப் பட்டியல்ல காரைக்காலே இல்ல. குடியிருப்புச் சான்றிதழ்ல இருக்கிறது புதுச்சேரி. ஹெல்ப்லைன்ல கூப்பிட்டா, "மேடம், நீங்க போட்ட பின்கோடு கரெக்ட்டா இருந்தா மாநிலமும் கரெக்ட்டாத்தான் மேடம் வரும்"னு பதில். "அண்ணே, நான் எந்த ஊர்னு கம்ப்யூட்டருக்கு என்னை விட நல்லாத் தெரியுமாம்"னு சிரிச்சா. ஆனா சான்றிதழ் சரிபார்ப்பு அன்னிக்கு அவ சிரிக்கல. விண்ணப்பத்துல தமிழ்நாடு, சான்றிதழ்ல புதுச்சேரி, ஏன் பொய்த் தகவல் கொடுத்தேன்னு எழுதி வாங்கினாங்க. பொய் சொன்னது டேபிள்.

அங்கே உள்ளே என்ன டிசைன்னு நான் பார்க்கல. ஆனா வெளியே தெரிஞ்ச அறிகுறி இந்தத் துறையில இருக்கிற யாருக்கும் பழக்கமானது. ஒரு பிள்ளைக்கு ஒரே அப்பா, அந்த அப்பா மாறவே மாட்டார்ங்கற நம்பிக்கை.

மாறவே மாட்டார்ங்கறதுதான் அடுத்த கூத்து. 2019 அக்டோபர் 31 அன்னிக்கு ஜம்மு காஷ்மீர் மாநிலமா இருந்தது யூனியன் பிரதேசம் ஆச்சு, லடாக் தனியாப் பிரிஞ்சது. ஆப்ஜெக்ட் உலகத்துல பிறந்த ஆப்ஜெக்ட் சாகற வரைக்கும் ஒரே கிளாஸ்தான். 'மாநிலம்'னு பிறந்துட்டு பாதியில 'யூனியன் பிரதேசம்' ஆக ஜாவாவுல வழியே கிடையாது. ஹைபர்நேட் வழியா அந்த 'டிடைப்' கட்டத்தை மாத்தவும் விடாது. ஒண்ணு, ஓஆர்எம்மை ஓரங்கட்டிட்டு நேரா எஸ்க்யூஎல் எழுதி அந்தக் கட்டத்தைத் திருத்தணும். இல்லைன்னா பழைய வரிசையை அழிச்சுட்டு புது ஐடியோட புது வரிசை போட்டு, அதைச் சுட்டிட்டு இருந்த எல்லா ஃபாரின் கீயையும் ஒவ்வொண்ணா மாத்தணும். அப்படி மாத்தினா 2018-ல போட்ட பில் எல்லாம் யூனியன் பிரதேசத்துல போட்ட பில்லா மாறிடும். வரலாறே திருத்தி எழுதப்பட்டுடும்!

இது ஏதோ எப்பவோ ஒரு தடவை நடக்கிறதுன்னு நினைக்காதீங்க. 2020 ஜனவரி 26-ல தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒண்ணாச்சு. எங்க ஊருக்கு வெளியே இருக்கிற மாவட்டமே 1991 வரைக்கும் தஞ்சாவூர், அப்புறம் நாகப்பட்டினம், 2020-லேர்ந்து வடக்குப் பக்கம் மயிலாடுதுறை. பாண்டிச்சேரி 2006 அக்டோபர்ல புதுச்சேரி ஆச்சு. காரைக்காலே 1954 நவம்பர் 1-ல நிர்வாக அளவுல இந்தியாவுக்கு வந்துச்சு, சட்டப்படி வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல. நடுவுல கிட்டத்தட்ட எட்டு வருஷம் அது எந்த கிளாஸ்? ஹைபர்நேட்கிட்ட கேட்டுப் பாருங்க.

சைடுல ஒரு விஷயம். இன்ஹெரிட்டன்ஸ்னு சொன்னா எங்க பக்கத்துப் பெரியவங்களுக்கு நிஜமாவே சொத்து ஞாபகம்தான் வரும், அதுலயும் இதே கதை உண்டு. பிரெஞ்சு ஆட்சியில 1881-ல ஒரு அரசாணை வந்தது. மக்கள் விரும்பினா தங்களோட மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்துட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிக்கலாம். அப்படித் துறந்தவங்களுக்கு ரெனோன்சான்னு பேரு. இந்தியச் சட்டங்களை 1963-ல புதுச்சேரிக்கு நீட்டும்போது, இந்து வாரிசுரிமைச் சட்டம் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாதுன்னு தனியா எழுத வேண்டியிருந்துச்சு. மதத்தால இந்து, வாரிசுரிமைக்கு வேற சட்டம். "இந்து கிளாஸ்ல இருந்தா இந்தச் சட்டம் தானா வரும்"னு எழுதினவங்க அன்னிக்கே ஒரு வரி விதிவிலக்கு சேர்த்துக்கிட்டாங்க. சட்டம் எழுதறவங்களுக்குக் கிடைச்ச அந்த வசதி நம்ம கிளாஸ் டயகிராம்ல கிடையாது.

திரும்ப ஓஆர்எம்முக்கு. இந்த மரம் தப்புன்னு தெரியாமலே அதைச் சுத்தி எழுதற கோடுலயும் கண்ணி இருக்கு. ஹைபர்நேட்ல மாவட்டத்துலேர்ந்து "உன் ஆட்சிப்பகுதி யாரு?"ன்னு லேசியா கேட்டா, நிஜ ஆளுக்குப் பதிலா ஒரு ப்ராக்ஸி வரும். அது அப்பா கிளாஸோட வேஷத்துல இருக்கும். அதைப் பார்த்து "நீ யூனியன் பிரதேசமா?"ன்னு கேட்டா "இல்ல"ம்பான். "மாநிலமா?"ன்னு கேட்டாலும் "இல்ல"ம்பான். டெஸ்ட்ல எல்லாம் முன்னாடியே லோட் ஆகியிருக்கும், ஒழுங்கா ஓடும், ப்ரொடக்ஷன்ல மட்டும் கவுத்துடும். ராத்திரி 2 மணிக்கு ஒருத்தர் உக்காந்து இதைத் தேடுவார் பாருங்க, அவர் வாயிலேர்ந்து வர்றதை இங்கே எழுத முடியாது.

டெட் நியூவார்ட் 2006-ல ஓஆர்எம்மை கம்ப்யூட்டர் துறையோட வியட்நாம்னு சொல்லி ஒரு நீளமான கட்டுரை எழுதினார். ஆரம்பத்துல சுலபமா ஜெயிப்போம், உள்ளே போகப் போக வெளியே வர முடியாதுங்கற அர்த்தத்துல. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாத் தெரியுது. ஒரு டேபிளுக்கு ஒரு கிளாஸ், நடுவுல ஃபாரின் கீ, இதோட நிறுத்திக்கிட்டா ஓஆர்எம் அருமையா வேலை செய்யும். போர் ஆரம்பிக்கிறது இன்ஹெரிட்டன்ஸ் எல்லையில.

அப்போ எப்படி எழுதலாம்? 'பகுதி'ன்னு ஒரே ஒரு டேபிள், ஒரே கிளாஸ். காரைக்கால், புதுச்சேரி, நாகப்பட்டினம், தமிழ்நாடு எல்லாம் அதுல வெறும் வரிசைகள். 'தொடர்பு'ன்னு இன்னொரு டேபிள்: எந்தப் பகுதி, எதைச் சேர்ந்தது, எந்த வேலைக்காக (வருவாய், தபால், வரி, நீதிமன்றம்), எந்தத் தேதியிலேர்ந்து, எந்தத் தேதி வரைக்கும். பின்கோடுக்கும் மாவட்டத்துக்கும் நடுவுல பலருக்குப் பலர் உறவு. யூனியன் பிரதேசமா மாநிலமாங்கறது தேதி போட்ட ஒரு தகவல், கிளாஸ் இல்ல. எந்த வரி போடணும்ங்கறது தனியா ஒரு கட்டம். மாவட்டத்துக்கு நீங்களே நம்பர் கண்டுபிடிக்க வேணாம், மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தோட உள்ளாட்சிக் கோப்பகத்துல எல்லாத்துக்கும் குறியீடு இருக்கு. வாரிசா எடுக்காதே, கூட்டா வெச்சுக்கோன்னு 1994-லயே அந்த நாலு பேர் எழுதின டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்துல சொல்லிட்டாங்க. டேபிள்ல அது இன்னும் ஒரு மடங்கு அதிகமாப் பொருந்தும்.

இதுக்கும் விலை உண்டு, மறைக்கல. "காரைக்காலுக்கு மேல யார் யார்?"ன்னு கேக்க ரிகர்சிவ் எஸ்க்யூஎல் எழுதணும். மைஎஸ்க்யூஎல்ல 8.0 வர்ற வரைக்கும் (2018) அதுக்கே வழியில்லாம இருந்துச்சு. கம்பைலர் பிடிச்சுக் கொடுக்கிற சில தப்புங்க இனிமே கையில வரும். எதைக் கேட்டாலும் "எந்த வேலைக்கு, எந்தத் தேதியில?"ன்னு சேர்த்துக் கேக்கணும், புதுசா டீம்ல சேர்றவங்க முதல் வாரம் திட்டுவாங்க. திட்டட்டும்.

இன்ஹெரிட்டன்ஸே கூடாதான்னு கேட்டா, அப்படியும் இல்ல. எல்லா டேபிளுக்கும் பொதுவான ஐடி, உருவான நேரம் மாதிரி சமாச்சாரத்தை மேப்டு சூப்பர்கிளாஸ்ல வெக்கிறது நல்ல பழக்கம், அது டேபிளைத் தொடவே தொடாது. வெளியுலகம் முடிவு பண்ணாம நாமளே முடிவு பண்ற ரகங்கள், உதாரணமா மெயில்ல போற அறிவிப்பு, எஸ்எம்எஸ்ல போற அறிவிப்பு, கட்டங்களும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னா, சிங்கிள் டேபிள் போதும். நான் வேணாம்ங்கறது, பார்லிமென்ட்டும் கலெக்டரும் தபால் துறையும் மாத்தக்கூடிய விஷயத்துக்கு கிளாஸ் மரம் கட்டறதை.

அவசரத்துக்கு இதெல்லாம் முடியாதுன்னா ஒண்ணே ஒண்ணு செய்ங்க. பின்கோடு போட்டதும் மாநிலத்தைத் தானா நிரப்புங்க, நல்ல வசதிதான். அந்தக் கட்டத்தைப் பூட்டி மட்டும் வெக்காதீங்க.

டிஸ்கி 1: புதுச்சேரி பேர்ல இருக்கிற என்ஐடி எங்கே இருக்குன்னு தெரியுமா? காரைக்கால்ல, திருவேட்டக்குடியில. பேர் ஒரு டேபிள்லேர்ந்து, விலாசம் இன்னொரு டேபிள்லேர்ந்து. 2010-ல ஆரம்பிச்சாங்க, இன்னும் யாரும் குழம்பாம வந்து படிச்சுட்டுத்தான் போறாங்க.

டிஸ்கி 2: மாஹே, ஏனாம் பக்கத்து மக்கள் யாராவது படிச்சா, பின்கோடு அடிச்சா உங்களுக்கு எந்த மாநிலம் வருதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. ஸ்க்ரீன்ஷாட் இருந்தா இன்னும் நல்லது, கும்மி அடிக்கலாம்.